இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம்

இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம் என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு அருகிலுள்ள போடி மேற்கு மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்ட நிலத்தடி இயற்பியல் ஆய்வுக்கூடம் ஆகும். பிற பருப்பொருளுடன் மிக அரிதாகவே வினைபுரியும் நியூட்ரினோ என்னும் அடிப்படைத் துகளை ஆராய்வது இதன் முதன்மை நோக்கம். இதற்கான நடுவண் அமைச்சரவையின் ஒப்புதல் 2015-ஆம் ஆண்டு சனவரி மாதம் கிடைத்தது. எனினும் மக்கள் எதிர்ப்பு, நீதிமன்ற வழக்குகள், வனவுயிர் அனுமதி தொடர்பான சிக்கல்கள் ஆகியவற்றால் மலை குடையப்படவில்லை.

நியூட்ரினோக்களால் மக்களுக்குத் தீங்கு நேருமா என்பதும், மலையைக் குடைவதால் காட்டிற்கும் நீருக்கும் தீங்கு நேருமா என்பதும் இத்திட்டம் பற்றிய விவாதங்களில் ஒன்றாகவே பேசப்பட்டு வந்தன. இவை வெவ்வேறு கேள்விகள். முதற்கேள்விக்கு இத்துகளின் இயல்பே விடை தருகிறது. இரண்டாவதற்கு அம்மலையின் இயல்பே விடை தர வேண்டும்.

நியூட்ரினோ

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் அற்ற, மிகச் சிறிய நிறை கொண்ட அடிப்படைத் துகள் ஆகும். தமிழில் இது நுண்நொதுமி எனவும் வழங்கப்படுகிறது. சில அணுக்கருக்கள் எதிர்மின்னிகளை, அதாவது எலக்ட்ரான்களை, உமிழ்ந்து சிதையும்போது ஆற்றலின் ஒரு பகுதி கணக்கில் வராமல் போவது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்டது. கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத ஒரு துகள் அவ்வாற்றலை எடுத்துச் செல்வதாக 1930-ஆம் ஆண்டு வொல்ஃப்காங் பௌலி கருதுகோள் ஒன்றை முன்வைத்தார். என்ரிக்கோ ஃபெர்மி இத்துகளைக் கொண்டு பீட்டாச் சிதைவுக்கான கோட்பாட்டை உருவாக்கினார். நியூட்ரினோ என்னும் இத்தாலியச் சொல்லுக்குச் சிறிய நடுநிலைத் துகள் என்பது பொருள்.

கருதுகோள் வெளிவந்து 26 ஆண்டுகள் கழித்து, 1956-இல் அமெரிக்காவின் சவானா ஆற்று அணு உலை அருகே கிளைட் கோவன், ஃபிரடெரிக் ரெயின்ஸ் ஆகியோர் இத்துகள் உள்ளதை உறுதி செய்தனர். எலக்ட்ரான் நியூட்ரினோ, மியூவான் நியூட்ரினோ, டௌ நியூட்ரினோ என இதில் 3 வகைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துகளும் உண்டு.

கதிரவனின் மையத்தில் நிகழும் அணுக்கரு இணைவு, விண்மீன்களின் வெடிப்பு, புவியின் உள்ளிருக்கும் கதிரியக்கத் தனிமங்கள், அணு உலைகள் ஆகியவை நியூட்ரினோக்களின் தோற்றுவாய்கள். விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போதும் இவை தோன்றுகின்றன. அவ்வாறு தோன்றுபவை வளிமண்டல நியூட்ரினோக்கள் எனப்படும். போடி மலையில் திட்டமிடப்பட்ட கருவி இவ்வகையை ஆராய்வதற்கே வடிவமைக்கப்பட்டது.

பருப்பொருளுடன் வினைபுரியும் முறை

இயற்கையில் ஈர்ப்பு விசை, மின்காந்த விசை, வலிமை மிகுந்த அணுக்கரு விசை, வலிமை குறைந்த அணுக்கரு விசை என 4 அடிப்படை விசைகள் உள்ளன. ஒரு சுவர் கையைத் தடுப்பதற்கும், ஒளி கண்ணில் படுவதற்கும், கதிரியக்கம் உயிரணுக்களைச் சிதைப்பதற்கும் மின்காந்த விசையே பெரும்பாலும் காரணம். நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லாததால் இவ்விசை அதன் மீது செயற்படுவதில்லை. அணுக்கருவைப் பிணைத்து வைத்திருக்கும் வலிமை மிகுந்த விசையும் அதைத் தொடுவதில்லை. அதன் நிறை மிகச் சிறியது என்பதால் ஈர்ப்பு விசையின் விளைவும் புறக்கணிக்கத்தக்கது.

எஞ்சியிருப்பது வலிமை குறைந்த அணுக்கரு விசை மட்டுமே. இவ்விசை டபிள்யூ, இசட் என்னும் கனமான துகள்களின் வழியாகச் செயற்படுகிறது. இதன் வீச்சு அணுக்கருவின் அளவைவிடவும் பல நூறு மடங்கு சிறியது. எனவே ஒரு நியூட்ரினோ வினைபுரிய வேண்டுமானால், அது அணுக்கருவினுள் உள்ள துகள் ஒன்றையோ எதிர்மின்னி ஒன்றையோ கிட்டத்தட்ட நேராகச் சந்திக்க வேண்டும். அணுவின் பெரும்பகுதி வெற்றிடமாக இருப்பதால் அத்தகைய சந்திப்பு மிக அரிது.

கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் ஏறத்தாழ 6,500 கோடி, புவியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் ஒவ்வொரு நொடியும் கடந்து செல்கின்றன. பகலில் அவை தலைக்கு மேலிருந்து வருகின்றன. இரவில் புவி முழுவதையும் ஊடுருவிக் காலுக்குக் கீழிருந்து வருகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இவற்றில் பாதியைத் தடுப்பதற்கு ஏறத்தாழ ஓர் ஒளியாண்டு தடிமன் கொண்ட ஈயச் சுவர் தேவைப்படும். ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு, அதாவது சுமார் 9.5 இலட்சம் கோடி கிலோமீட்டர் ஆகும்.

அரிதாக நிகழும் மோதல்கள் இரு வகைப்படும். முதல் வகையில் நியூட்ரினோ மறைந்து, அதன் இணையான மின்னூட்டத் துகள் தோன்றுகிறது. எடுத்துக்காட்டாக, மியூவான் நியூட்ரினோ இரும்பின் அணுக்கருவில் மோதினால் ஒரு மியூவான் வெளிப்படும். இரண்டாம் வகையில் நியூட்ரினோ நியூட்ரினோவாகவே விலகிச் செல்ல, மோதப்பட்ட துகள் மட்டும் உதைபட்டு நகர்கிறது. இரண்டிலும் கருவிகள் நியூட்ரினோவை நேரடியாகக் காண்பதில்லை. அது விட்டுச்சென்ற தடத்தையே காண்கின்றன.

நியூட்ரினோ அலைவு

அமெரிக்காவின் ஓம்ஸ்டேக் சுரங்கத்தில் ரேமண்ட் டேவிஸ் 1960-களின் இறுதியில் தொடங்கிய ஆய்வில், கதிரவனிலிருந்து எதிர்பார்க்கப்பட்ட நியூட்ரினோக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. இக்குறை 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிராக இருந்தது. சப்பானின் சூப்பர் காமியோகாண்டே கருவி 1998-இலும், கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002 ஆகிய ஆண்டுகளிலும் வெளியிட்ட முடிவுகள் புதிரை விடுவித்தன. நியூட்ரினோக்கள் காணாமற் போகவில்லை. பயணத்தின்போது ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறியிருந்தன. இது நியூட்ரினோ அலைவு எனப்படுகிறது. இக்கண்டுபிடிப்புக்காக தக்காக்கி கசித்தா, ஆர்தர் மெக்டொனால்டு ஆகியோருக்கு 2015-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நிறையற்ற துகள் இவ்வாறு மாற இயலாது. ஆகவே நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது உறுதியாயிற்று. அந்நிறை எதிர்மின்னியின் நிறையில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. ஒன்றோடொன்று வேறுபட்ட 3 நிறைநிலைகள் இருப்பது தெரிந்தாலும், மூன்றாவது நிலை மற்ற இரண்டைவிடக் கனமானதா, இலேசானதா என்னும் வினா எஞ்சி நின்றது. இது நிறை வரிசைச் சிக்கல் எனப்படும்.

இவ்விடத்தில் புவியே ஓர் ஆய்வுக் கருவியாகிறது. புவியினுள் எதிர்மின்னிகள் நிறைந்துள்ளன. அவற்றின் எதிர்த்துகள்கள் இல்லை. எனவே புவியைக் கடக்கும் நியூட்ரினோக்களும் அவற்றின் எதிர்த்துகள்களும் வெவ்வேறு அளவில் அலைவுறும். மோதல் நிகழாதபோதும், சூழ்ந்துள்ள பருப்பொருள் அவற்றின் அலைவை மெல்ல மாற்றுகிறது. இதைப் பருப்பொருள் விளைவு என்பர். 1978-இல் லிங்கன் உல்ஃபென்ஸ்டைனும், 1985-இல் மிகேயெவ், சிமிர்னோவ் ஆகியோரும் இதன் கோட்பாட்டை வகுத்தனர். நிறை வரிசை ஒரு விதமாக இருந்தால் நியூட்ரினோக்களிடமும், மறுவிதமாக இருந்தால் எதிர் நியூட்ரினோக்களிடமும் இவ்விளைவு மிகுந்து காணப்படும். இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்தறியும் கருவியே போடி மலைக்குத் திட்டமிடப்பட்டது.

கோலார் தங்க வயல் ஆய்வுகள்

நியூட்ரினோ ஆய்வில் இந்தியாவின் பங்கு போடி மலையில் தொடங்கியது அன்று. கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில், தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் பணியாற்றிய ஆழ்சுரங்கங்களில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1950-களிலிருந்து அண்டக் கதிர் ஆய்வுகளை நடத்தியது. ஆழம் மிகுந்தோறும் மியூவான்களின் எண்ணிக்கை குறைந்தது. மிக ஆழமான ஒரு நிலையில் 2 மாதங்கள் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. அத்தகைய அமைதி நிலவும் இடத்தில் நியூட்ரினோவின் தடத்தைத் தேடலாம் என்பது இதனால் விளங்கியது.

டாட்டா நிறுவனம், சப்பானின் ஒசாக்கா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்காம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டுக்குழு, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் 1965-ஆம் ஆண்டு வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெயின்ஸ் குழுவினரும் இதைக் கண்டறிந்தனர். உலகில் வளிமண்டல நியூட்ரினோக்கள் பற்றிய முதல் பதிவுகள் இவையே.

அறியப்பட்ட எந்தத் துகளாலும் எளிதில் விளக்க முடியாத சில தடங்களும் கோலாரில் 1970-களில் பதிவாயின. இவை கோலார் நிகழ்வுகள் எனப் பெயர் பெற்றன. புதிய கனமான துகள் ஒன்றின் சிதைவாக இவை இருக்கலாம் எனக் கருதப்பட்டது. ஆயினும் துகள் முடுக்கிகளில் நடந்த தேடல்கள் அதை உறுதி செய்யவில்லை. அண்டத்தின் பருப்பொருளில் பெரும்பங்கு வகிப்பதாகக் கருதப்படும் கரும்பொருளின் துகள்கள் சிதைந்ததால் இவை தோன்றியிருக்கக்கூடும் என்னும் கருத்தை, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துடன் தொடர்புடைய எம். வி. என். மூர்த்தி, ஜி. இராசசேகரன் ஆகியோர் 2014-இல் வெளியிட்டனர். இது ஒரு கருதுகோள் மட்டுமே. பெரிய நிலத்தடிக் கருவி ஒன்று அமைந்தால் இதனைச் சோதிக்க இயலும் என்பது இத்திட்டத்தின் துணைப் பயன்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது.

தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதன்பின் இந்தியாவில் அவ்வளவு ஆழமான ஆய்வுக்கூடம் இல்லை. சார்க்கண்டின் சாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், கரும்பொருளைத் தேடும் சிறிய ஆய்வகம் ஒன்று 2017-இல் தொடங்கப்பட்டது.

மலையின் தேவையும் இடத்தேர்வும்

நிலப்பரப்பில் உள்ளங்கையளவு இடத்தை ஏறத்தாழ நொடிக்கு ஒரு மியூவான் கடந்து செல்கிறது. நியூட்ரினோ உண்டாக்கும் அரிய மியூவானை இக்கூட்டத்திடையே இனங்காண்பது, திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒரு முணுமுணுப்பைக் கேட்க முயல்வதற்கு ஒப்பானது. எல்லாப் பக்கமும் 1 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை சூழ்ந்திருந்தால், மேலிருந்து வரும் மியூவான்கள் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நியூட்ரினோவுக்கோ அப்பாறை இல்லாததற்குச் சமம். ஆகவே மலை இங்குச் சல்லடையாகவே பயன்படுகிறது. நியூட்ரினோவிடமிருந்து வெளியுலகைக் காப்பதற்கான அரண் அன்று.

முதலில் நீலகிரி மாவட்டத்தின் சிங்காரா தேர்ந்தெடுக்கப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி என்பதால் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009-இல் அனுமதி மறுத்தது. அதன் பின்னர்த் தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த பொட்டிபுரம் ஊராட்சி தேர்வாயிற்று. அங்கு மலையின் நுழைவாயில் அமையவிருந்த இடத்திற்கு அருகிலுள்ள சிற்றூர் தே. புதுக்கோட்டை ஆகும். உள்ளூர் மக்கள் அம்மலையை அம்பரப்பர் மலை என அழைக்கின்றனர். ஏலக்காய் விளையும் மலைகள் மேற்கே உயர்ந்து நிற்க, அவற்றின் கிழக்குச் சரிவு வறண்ட கம்பம் பள்ளத்தாக்கில் முடிகிறது. மழை மறைவுப் பகுதி என்பதும், பிளவுகள் குறைந்த கெட்டியான சார்னோகைட்டுப் பாறை என்பதும் தேர்வுக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

கருவியின் அமைப்பு

மலையின் அடிவாரத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதையும், அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட குகையும் குடையத் திட்டமிடப்பட்டன. குகைக்கு மேல் 1 கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை இருக்கும்.

குகையினுள் சுமார் 50,000 டன் எடையுள்ள, காந்தமாக்கப்பட்ட இரும்புக் கருவி நிறுவப்படும். 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகள் சுமார் 150 அடுக்குகளாக வைக்கப்படும். அடுக்குகளுக்கு இடைப்பட்ட 4 சென்டிமீட்டர் இடைவெளிகளில் கண்ணாடித் தகடுகளாலான, வளிமம் நிரப்பிய உணரிகள் செருகப்படும். ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட இவ்வுணரிகள் ஏறக்குறைய 29,000 தேவைப்படும்.

நியூட்ரினோ இரும்பில் மோதினால் தோன்றும் மியூவான், காந்தப்புலத்தில் ஒரு பக்கமாக வளையும். எதிர் நியூட்ரினோவால் தோன்றும் மியூவானின் மின்னூட்டம் எதிரானது. எனவே அது மறுபக்கமாக வளையும். வளையும் திசையைக் கொண்டே வந்தது எது என அறியலாம். நீர் நிரப்பிய சூப்பர் காமியோகாண்டே போன்ற கருவிகளில் காந்தப்புலம் இல்லாததால் இவ்வகைப் பகுப்பு அவற்றிற்கு எளிதன்று. இதுவே இக்கருவியின் தனிச்சிறப்பு.

எதிர்ப்பும் வழக்குகளும்

திட்டத்திற்கான சுற்றுச்சூழல், வன அனுமதிகள் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் பெறப்பட்டன. 2015 சனவரியில் சுமார் 1,500 கோடி உரூபாய் மதிப்பீட்டில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு மார்ச்சு மாதம், மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொதுச்செயலாளர் வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணிகளைத் தொடங்கக் கூடாது என உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது.

பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகியது. கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால், உரிய நிலையில் மதிப்பீடு செய்யப்படவில்லை எனக் கண்டு, தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் நடுவண் அமைச்சகம் சிறப்பு நேர்வாகக் கருதிப் புதிய அனுமதி வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அவ்வனுமதியை ஏற்றது; ஆயினும் தேசிய வனவுயிர் வாரியத்தின் ஒப்புதல் இன்றிப் பணிகளைத் தொடங்கக் கூடாது எனவும் கூறியது.

திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தில், மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காப்பகத்துக்கும் இடையே புலிகள் நடமாடும் வழித்தடம் போடி மலையில் உள்ளதைக் காரணம் காட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது எனத் தெரிவித்தது.

அச்சங்களும் அவற்றின் அடிப்படையும்

நியூட்ரினோக்கள் மலையிலிருந்து வெளிப்பட்டு மக்களையும் பயிர்களையும் தாக்கும் என்னும் அச்சம் அப்பகுதியில் பரவலாக இருந்தது. திட்டமிடப்பட்ட கருவி நியூட்ரினோக்களை உண்டாக்குவதில்லை. இயல்பாகக் கடந்து செல்பவற்றுள் சிலவற்றைப் பதிவு செய்கிறது. கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை போடிநாயக்கனூரையும் பிற ஊர்களையும் ஒரே அளவில் கடந்து செல்கின்றன.

வெளிநாட்டு ஆய்வகங்களிலிருந்து செயற்கை நியூட்ரினோக் கற்றைகள் இங்கு அனுப்பப்படும் என்பதும் ஓர் எதிர்ப்புக் காரணமாக இருந்தது. இது முற்றிலும் கற்பனை அன்று. சுமார் 7,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் கற்றையைப் பிற்காலத்தில் பதிவு செய்யும் வாய்ப்பு, திட்டத்தின் தொடக்க கால ஆவணங்களில் பேசப்பட்டது. எனினும் அத்தொலைவைக் கடக்கும்போது கற்றை பல கிலோமீட்டர் அகலத்திற்கு விரிந்து அடர்த்தி குன்றிவிடும். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து 735 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூடான் சுரங்கத்திற்கு 2005 முதலும், சப்பானின் தோக்காயிலிருந்து 295 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காமியோக்காவிற்கு 2010 முதலும் இத்தகைய கற்றைகள் அனுப்பப்பட்டுள்ளன.

மலையைப் பற்றிய கேள்விகள் வேறு வகையானவை. பாறையை வெடி வைத்து உடைத்தல், உடைத்த கற்களைக் கொட்டி வைத்தல், பல ஆண்டுகள் நீளும் சரக்குந்துப் போக்குவரத்து, தூசு, அதிர்வு ஆகியவை நியூட்ரினோவின் இயல்பைச் சார்ந்தவை அல்ல. நாள்தோறும் சுமார் 3,40,000 லிட்டர் நீர் தேவைப்படும் எனத் திட்டம் மதிப்பிட்டது. முல்லைப் பெரியாற்று நீரை நம்பி வேளாண்மை செய்யும் மாவட்டத்தில் இது உணர்ச்சிமிக்க செய்தியாகும். கொட்டகுடி ஆறு உள்ளிட்ட, வைகையைச் சேரும் ஓடைகளின் நீர்ப்பிடிப்பு இச்சரிவுகளிலேயே உள்ளது. உணரிகளில் நிரப்பப்படும் வளிமத்தின் பெரும்பகுதி, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைத் தேக்கும் குளிரூட்டி வளிமம் என்பதால், அது கசியாமல் மீளச் சுழற்றப்பட வேண்டும்.

நுழைவாயில் காட்டிற்கு வெளியே அமையும், மரங்கள் வெட்டப்படா, வெடிப்பு கட்டுப்பாட்டுடன் நிகழும் என அறிவியலாளர்கள் விளக்கமளித்தனர். நிலத்தின் மேற்பரப்பைத் தொடாததால் மட்டும் தீங்கு இல்லை எனக் கூற இயலாது என்பது சூழலியலாளரின் மறுமொழி. துகள் இயற்பியலின் விடைகள் இக்கருத்து வேறுபாட்டைத் தீர்ப்பவை அல்ல. சூழலியலாளரின் வினாக்களை அறியாமை என ஒதுக்குவதற்கும் அவ்விடைகள் சான்றாகா.

இன்றைய நிலை

காந்தமாக்கப்பட்ட இரும்புக் கருவியின் சிறு வடிவம் ஒன்று, 85 டன் எடையில், மதுரையில் 2018 முதல் இயக்கப்பட்டது. நிலத்தின் மேல் இருப்பதால் இது அண்டக் கதிர் மியூவான்களையே பதிவு செய்கிறது. உணரிகளும் மின்னணுச் சுற்றுகளும் திட்டமிட்டபடி செயற்படுகின்றனவா எனச் சோதிக்க இது உதவியது. இத்திட்டத்தின் வழியாக இளம் ஆய்வாளர்கள் பலர் முனைவர் பட்டம் பெற்றுள்ளனர்.

இதற்கிடையே நிறை வரிசைச் சிக்கலைத் தீர்க்கும் நோக்குடன் சீனாவில் நிலத்தடியில் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் அமைக்கப்பட்ட, 20,000 டன் நீர்மம் கொண்ட சூனோ கருவி 2025 ஆகத்து மாதம் தரவுகளைத் திரட்டத் தொடங்கியது. அது அணு உலைகளிலிருந்து வரும் எதிர் நியூட்ரினோக்களைப் பயன்படுத்துகிறது. புவியின் பருப்பொருள் விளைவைக் கொண்டு நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் பிரித்தறியும் பெரிய இரும்புக் கருவி வேறெங்கும் அமைக்கப்படவில்லை. போடி மேற்கு மலையும் குடையப்படாமலே உள்ளது.